‘கெட்’: பெறுவதற்கு ஒரு சின்னச் சொல்

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தின் தலைப்பில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல், ‘கெட்’. அதற்குக் கீழே எண் போட்டு முப்பது பொருள்கள்: பெறு, வாங்கு, கொண்டுவா, போய்ச் சேர், ஆகு, புரிந்துகொள், ஏறு, இறங்கு, எழுந்திரு என்று பக்கம் நிறைந்திருந்தது. “இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா சித்தி?” என்றாள்.

அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வேண்டாம். முதல்ல எழுதியிருக்கியே, ‘பெறு’, அது ஒண்ணு போதும்” என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததில் தவறில்லை. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் பெற்றேன், சரி. ‘ஐ காட் வெட்’ என்றால்? நனைவைப் பெற்றேன் என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘ஐ காட் ஹோம்’ என்பதை வீடு பெற்றேன் என்று எழுதினால், அரசாங்கம் வீடு ஒதுக்கித் தந்ததுபோல் ஆகிவிடும். பிறகு எப்படி ‘பெறு’ ஒன்றே போதும்?

அன்று பிற்பகல் முழுக்க அவளோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எவருக்கும் இந்தச் சொல்தான் முதல் முள். ‘கெட் அவுட்’, ‘கெட்டப்’, ‘கெட் டுகெதர்’ என்று நம் பேச்சில் ஏற்கெனவே ஊறிப்போன சொல்லும் இதுதான்.

முதலில் ஒரு கையை நினைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கை. ஒரு பொருள் கைக்கு எட்டாமல் இருக்கிறது, பிறகு எட்டிவிடுகிறது. எட்டாத நிலையிலிருந்து எட்டிய நிலைக்கு மாறும் அந்தக் கணம்தான் ‘கெட்’. பொருள் தானாகக் கைக்கு வந்ததா, கை போய் எடுத்ததா என்று அது கவலைப்படுவதில்லை. தபால்காரர் கொடுத்த கடிதத்துக்கும் அதே சொல். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்கும் அதே சொல். ‘ரிசீவ்’ என்னும் சொல்லிலிருந்து இது விலகுவது இங்கேதான். ‘ரிசீவ்’ செய்பவர் வாசலில் நிற்கிறார், ஒருவர் தருகிறார், இவர் ஏற்கிறார். ‘கெட்’ செய்பவர் வாசலிலும் நிற்கலாம், தெருவில் இறங்கியும் போகலாம். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்காக வகுத்த தகவல் பரிமாற்ற விதியின் முதல் வடிவில் இருந்த ஒரே கட்டளை ‘கெட்’. அந்தப் பக்கத்தைக் கொண்டுவா என்று பொருள். இன்றும் உலாவிகள் அதைத்தான் சர்வரிடம் சொல்கின்றன.

இப்போது கைக்கு எட்டும் பொருளை மாற்றிப் பாருங்கள். பொருளின் இடத்தில் ஓர் ஊரை வையுங்கள்: வீட்டை எட்டினேன், ‘ஐ காட் ஹோம்’. ஒரு நிலையை வையுங்கள்: நனைந்த நிலையை எட்டினேன், ‘ஐ காட் வெட்’. ஓர் அர்த்தத்தை வையுங்கள்: ‘ஐ காட் இட்’, புரிந்தது. நம்முடைய ‘அடை’யும் இப்படித்தானே நடக்கிறது? ஊரை அடைந்தான் என்கிறோம், கையோடு மகிழ்ச்சி அடைந்தான் என்கிறோம். ஊரை அடைவதும் மகிழ்ச்சியை அடைவதும் வேறு வேறு வினைகள் என்று நம்மில் யாரும் எண் போட்டுப் படித்ததில்லை.

நிலைக்கும் நிலைமாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல. ‘ஷி இஸ் மேரீட்’ என்றால் அவள் மணமானவள். ‘ஷி காட் மேரீட்’ என்றால் அவளுக்குத் திருமணம் ஆயிற்று. முன்னது இருப்பு, பின்னது நிகழ்ச்சி. தேர்வில் தடுமாறும் பிள்ளைகளுக்கு வேறு எதையும்விட இதை முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வடகடலைத் தாண்டி வந்தது. 793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தை ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் தாக்கினார்கள். வைக்கிங் என்று நாம் அறிந்தவர்கள். கொள்ளையடிக்க வந்தவர்களுக்குப் பின்னால் குடியேற வந்தவர்கள் பெருகினார்கள். 878-இல் ஆல்ஃபிரட் மன்னர் அவர்களில் ஒரு பிரிவினரான டேனியரின் படையை வென்ற பிறகும், நாட்டின் வடக்கும் கிழக்கும் நீண்ட காலம் டேனியர் வசமே இருந்தன. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் குடியிருந்த தடம், அந்த ‘பி’ அவர்கள் மொழியில் பண்ணை, ஊர்.

அவர்கள் பேசியது பழைய நார்ஸ் மொழி. பழைய ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. இரு தரப்பும் ஓரளவு பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நெருக்கம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே சந்தையில் பேரம் பேசியபோது மொழிகள் கலந்தன. அதனால்தான் நார்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை அரண்மனைச் சொற்களாக இல்லை, வீட்டுச் சொற்களாக இருக்கின்றன: முட்டையைக் குறிக்கும் ‘எக்’, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’, கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’, அவர்கள் என்னும் ‘தே’. சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ நார்ஸில் ‘காற்றின் கண்’. தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் சுவரில் இட்ட துளையைக் காற்றை வைத்தே பெயரிட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

‘கெட்’ அந்தக் கூட்டத்தில் வந்தது. நார்ஸில் ‘கெட்டா’ என்பது மூலம்: அடை, எட்டு, பிள்ளை பெறு, இயலு என்ற பொருள்களெல்லாம் அதற்கு இருந்தன. ஆங்கில எழுத்தில் 1200-ஐ ஒட்டித் தனிச்சொல்லாகத் தென்படத் தொடங்குகிறது.

அதற்கு முன் ஆங்கிலத்தில் இந்த வேர் இல்லாமல் இல்லை. தனியாக நிற்காது, முன்னொட்டோடு மட்டும் வரும். மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் அழகானவை. ‘ஃபர்கெட்’, மறத்தல்: கையில் பிடித்திருந்தது நழுவிப் போவது. ‘பிகெட்’, பிள்ளை பெறுதல். மூன்றாவது ‘ஆன்கியெட்டன்’, உணர்தல், விளங்கிக்கொள்ளுதல். இது வழக்கொழிந்து போய்விட்டது. ‘ஐ காட் இட்’ என்று இன்று சொல்பவர்கள், தாங்கள் அறியாமலே, தொலைந்துபோன அந்தச் சொல்லின் வேலையைத்தான் செய்கிறார்கள்.

அந்தப் பழைய ஆங்கில வடிவங்களில் இருந்த ககர ஒலி ‘யெ’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது. மாற்றம் எதுவும் நேராதிருந்தால் இன்று ‘ஃபர்யெட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலும் அப்படிப்பட்ட வடிவங்கள் உண்டு. வல்லின ஓசை நார்ஸின் கொடை. கொடுத்தலைக் குறிக்கும் ‘கிவ்’ என்பதும் அப்படியே. கொடுப்பதும் பெறுவதும் ஆகிய இரண்டு சொற்களின் முதல் ஒலியும் வந்தேறிகளின் நாக்கிலிருந்து வந்திருக்கிறது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. இங்கிலாந்தில் அச்சுத் தொழிலைத் தொடங்கிய வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் கரையிறங்கி ஒரு வீட்டில் ‘எக்ஸ்’, அதாவது முட்டை, கேட்டார்கள். அந்த அம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம்தான் வந்தது. இன்னொருவர் ‘ஐரன்’ என்று பழைய ஆங்கிலச் சொல்லால் கேட்டதும்தான் அந்த அம்மாவுக்கு விளங்கியது. ஒரே நாட்டில், ஒரே மொழி பேசுவோருக்குள்!

இன்னும் ஆழத்துக்குப் போனால், மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று வருகிறது; அதன் பொருள் பற்று, பிடி. லத்தீனில் அதே வேரிலிருந்து ‘பிரெஹெண்டெரே’ என்ற வினை பிறந்தது. அதன் பிள்ளைகளைப் பாருங்கள். பிடித்து அடைக்கும் ‘பிரிசன்’, சிறை. எதிர்பாராமல் பிடித்துக்கொள்ளும் ‘சர்ப்ரைஸ்’. மனத்தால் முழுக்கப் பிடிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’. பட்டறையில் தொழிலைப் பிடித்துக்கொள்ள வரும் ‘அப்ரண்டிஸ்’. நம் ஊர் மெக்கானிக் கடைப் பையன் தன்னை அப்ரண்டிஸ் என்று சொல்லும்போது, ‘கெட்’ என்ற சொல்லின் தூரத்துச் சொந்தத்தைத்தான் உச்சரிக்கிறான்.

பிடித்தலும் புரிதலும் ஒன்று என்பது நமக்கும் தெரிந்ததுதான். “கணக்கு பிடிபடலை” என்கிறோம். “பட்டுனு பிடிச்சுக்கிட்டான்” என்கிறோம். ‘ஐ டின்ட் கெட் இட்’ என்பதற்கு இதைவிட நேரான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் ‘கெட்’டில் தடுக்கி விழுவது பொருளில் இல்லை, வாக்கியத்தின் அமைப்பில் என்று எனக்குப் படுகிறது. ‘ஐ காட் எ ஜாப்’: எனக்கு வேலை கிடைத்தது. ‘ஐ காட் ஆங்ரி’: எனக்குக் கோபம் வந்தது. ‘ஐ காட் எ கோல்ட்’: எனக்குச் சளி பிடித்தது. ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் நான் முன்னால் நிற்கிறேன், வினை செய்பவளாக. தமிழில் வேலையும் கோபமும் சளியும்தான் வினை செய்கின்றன. அவை நடந்து வருகின்றன, நான் அவை வந்து சேரும் இடம். சளி விஷயத்தில் தலைகீழாகவே ஆகிவிடுகிறது: ஆங்கிலேயர் சளியைப் பிடிக்கிறார், நம்மைச் சளி பிடிக்கிறது. இந்த ‘எனக்கு’தான் “ஃபீவர் கேம் டு மீ” என்று எழுத வைக்கிறது. அது அறியாமை அல்ல. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்ற மனம், அந்த ஒழுங்கோடு ஆங்கிலம் எழுதும்போது நேர்வது. ‘எனக்கு’ என்று மனத்தில் தோன்றும் இடத்தில் ‘ஐ’ போட்டு, வந்தது, கிடைத்தது, பிடித்தது மூன்றுக்கும் ‘காட்’ என்று வைத்துப் பழகச் சொன்னேன். பத்து வாக்கியம் எழுதுவதற்குள் அவளுக்கு வந்துவிட்டது.

‘நான்’ முன்னால் நிற்கும் வினைகள் நம்மிடமும் இல்லாமல் இல்லை. பேச்சுத் தமிழில் ‘வாங்கு’ அப்படித்தான். மார்க் வாங்கினேன், அடி வாங்கினேன், நல்ல பெயர் வாங்கினேன், கடன் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘காட்’ பொருந்தும். வாங்குதலின் பழம்பொருள் வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்குதல் என்று பழந்தமிழில் வரும். இன்றைய ‘பின்வாங்கு’வில் அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் பற்றுதலைக் குறித்த சொல் பெறுதலுக்கு வந்தது, தமிழில் இழுத்தலைக் குறித்த சொல் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கு வந்தது. இரண்டுமே கையின் வேலை. ‘கெட் ஹிம் டு வொர்க்’ என்றால்? “அவன்கிட்ட வேலை வாங்கு.” இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள், அவ்வளவு நேர்.

இனி ‘பெறு’வுக்குத் திரும்பலாம். முப்பதுக்கும் அது ஒன்று போதும் என்று நான் சொன்னது, தமிழில் அந்தச் சொல் நடந்துவந்த பாதையை நினைத்துத்தான்.

பெற்றோர், பெற்ற தாய், மகப்பேறு: இங்கே பெறுதல் என்றால் பிள்ளை பெறுதல். ‘கெட்’டுக்குள் ‘பிகெட்’ இருப்பதுபோலவே. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் மத்தேயு முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் ‘பிகேட்’, ‘பிகேட்’ என்று வம்ச வரிசை ஓடும். தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் “ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்” என்று வருகிறது. ஆண் ‘பெற்றான்’ என்பது இன்றைய காதுக்குப் புதிதாகப் படலாம். குழந்தையைப் பெறுவது என்பது அடைவதுதான், அது தகப்பனுக்கும் உண்டு என்பதை அந்தப் பழைய வழக்கு நினைவூட்டுகிறது.

வானிலைச் செய்தியில் புயல் வலுப்பெற்றது என்கிறார்கள். ‘தி ஸ்டார்ம் காட் ஸ்ட்ராங்கர்’. நோயாளி குணம் பெற்றார்: ‘காட் வெல்’. நிலைமாற்றத்தைப் ‘பெறு’வால் சொல்வதை ஆங்கிலேயர் நமக்குக் கற்றுத் தரவில்லை, நாம் அவர்களுக்கும் கற்றுத் தரவில்லை. இந்த நூலகம் மூன்று தளங்களைப் பெற்றிருக்கிறது என்று எழுதுகிறோம். பெற்றிருப்பது என்றால் உடைமை. ‘ஹேவ் காட்’ என்பதற்கு ஆங்கிலேயர் தரும் பொருளும் அதுவே: பெற்று முடித்திருக்கிறேன், ஆகவே என்னிடம் இருக்கிறது.

செயப்பாட்டு வினையிலும் அப்படியே. ஊரில் திறப்புவிழாக் கல்வெட்டைப் பார்த்தால் “திறந்து வைக்கப்பெற்றது” என்று பொறித்திருக்கும். ‘படு’வுக்குப் பதில் ‘பெறு’. ஆங்கிலத்திலும் 17ஆம் நூற்றாண்டிலிருந்து ‘வாஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘காட்’ வரத் தொடங்கியது: ‘ஹி காட் ப்ரமோட்டட்’, ‘தி கிளாஸ் காட் ப்ரோக்கன்’. ஒரு வேறுபாடு மட்டும் நினைவிருக்கட்டும். நம் ‘பெற்றது’ கல்வெட்டு மிடுக்கோடு இருக்கும், அவர்களுடைய ‘காட்’ வீட்டுப் பேச்சு.

வீட்டுப் பேச்சு என்பதால்தான் ஆசிரியர்கள் பலர் இந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதாதே என்பார்கள். இந்தக் கண்டிப்பு பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இலக்கணக்காரர் ஒருவர், குதிரை ஏறியதிலிருந்து, நனைந்து, சளி பிடித்து, பதில் வாங்கி வீடு திரும்பும்வரை எல்லாவற்றுக்கும் ‘காட்’ என்றே வரும் ஒரு கடிதத்தைப் புனைந்து, இப்படி எழுதாதீர்கள் என்று எச்சரித்தார். எனக்கு அந்தக் கடிதம் நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது: ஒரு மனிதனின் ஒரு முழு நாளையும் சுமக்க அந்தச் சின்னச் சொல்லுக்கு வலு இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘ரிசீவ்’ எழுதுங்கள், பேச்சில் ‘கெட்’ சொல்லுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று கடிதத்தில் எழுதிவிட்டு வாங்கிக்கிட்டேன் என்று பேசுவதுபோல. ‘ரிசீவ்’ 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், அந்த அலுவலகத் தோரணை இன்னும் போகவில்லை. ரசீது அதன் உறவு என்று பலர் நினைப்பதுண்டு. இல்லை. ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது, ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள்.

‘ஹேவ் காட்’ போன்ற இடங்களில் ‘காட்’டுக்குப் பதில் வரும் ‘காட்டன்’ என்ற வடிவம் பற்றியும் அவள் கேட்டாள். அமெரிக்கர் சொல்வார்கள், ஆங்கிலேயர் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தவறில்லை, அதுதான் பழையது. ‘ஃபர்காட்டன்’ என்பதில் இரு தரப்பும் அதை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, நார்ஸ் ‘கெட்டா’வுக்கு ‘இயலு’ என்றும் பொருள் இருந்தது என்றேனே, அது ஐஸ்லாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் ‘என்னால் முடியும்’ என்பதற்கு அந்த வினையைத்தான் சொல்கிறார். ஆங்கிலத்திலும் ‘ஐ காட் டு சீ ஹெர்’ என்றால் அவளைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. பேச்சில் நாம் “பார்க்கக் கிடைச்சுது” என்போம். ஏட்டில் அதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது என்றேன்.

அவளுடைய பட்டியலில் இந்தப் பொருள் இல்லை. சற்று யோசித்துவிட்டு, முப்பதுக்குக் கீழே 31 என்று போட்டு, ‘காணப்பெற்றேன்’ என்று எழுதினாள். பிறகு மேலே போய், முதல் வரியில் இருந்த ‘பெறு’வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.